சூனியம் வைப்பவர் யார்?

சூனியம் என்னும் சொல்லுக்கு வெறுமை, இன்மை என்பனவே பொருள். கணிதத்திலும் மெய்யியலிலும் ஒன்றுமில்லாமையைக் குறித்து நின்ற அவ்வடசொல், ஈழத்துத் தமிழரின் அன்றாட வழக்கில் எதனையும் செய்ய வல்ல ஒரு சக்தியின் பெயராக மாறியமை சொற்களின் வரலாற்றில் காணப்படும் விந்தைகளுள் ஒன்றாகும். சிங்கள வழக்கிலுள்ள ஹூனியம் என்ற சொல்லையும் இதன் வழிவந்ததாகவே மானிடவியலாளர் கருதுவர். திருமணம் தடைப்படுவதும், பசுவின் மடி வற்றுவதும், கடை நொடிப்பதும், மகன் பரீட்சையில் தவறுவதும், மருமகள் கருவுறாதிருப்பதும் இந்த ஒரே சொல்லினால் விளக்கப்பட்டு விடுகின்றன. இவ்வாறு எல்லாவற்றையும் விளக்கும் ஒன்று எதனையுமே விளக்கவில்லை என்பது அளவையியலின் முதற் பாடம். ஆயினும் அப்பாடத்தைக் கற்றுப் பட்டம் பெற்றோரும், தம் வீட்டில் ஒரு துன்பம் நேர்ந்தவுடன் சாத்திரியாரின் படலையைத் தட்டத் தயங்குவதில்லை.

சூனியத்தினால் மனிதருக்கு உண்மையாகவே தீங்கு விளைவிக்க முடியுமா என்ற வினாவுக்கு மூன்று விடைகள் வழங்கி வருகின்றன. முடியும் என்பது நம்புவோர் விடை. முடியாது, அது வெறும் மூடத்தனம் என்பது பகுத்தறிவாளர் விடை. இவ்விரண்டுக்கும் இடையில் நின்று, ‘தகட்டிலும் மந்திரத்திலும் ஒன்றுமில்லைத்தான், ஆயினும் அது மனத்தைத் தாக்குகிறது, மனம் உடலைத் தாக்குகிறது, ஆகவே அதிலும் ஏதோ இருக்கத்தான் செய்கிறது’ என்று கூறுவது மூன்றாவது விடை. இதுவே கற்றோர் மத்தியில் பெரிதும் செல்வாக்குப் பெற்றது. விஞ்ஞானத்தையும் கைவிடாமல் வீட்டாரையும் பகைத்துக்கொள்ளாமல் இருக்க இது உதவுகின்றது. முதல் விடை பிழையானது. இரண்டாவது சரியானது, ஆனால் போதாதது. மூன்றாவதோ பாதி உண்மையைக் கொண்டு முழுப் பொய்யைக் காப்பாற்றுவது. ஆதலின் இம்மூன்றையும் ஒழுங்காக ஆராய்தல் தகும்.

சூனியம் என்று வழங்கும் செயல் எத்தகையது? எழுத்தும் கட்டமும் கீறிய செப்புத் தகடு, முட்டை, தேசிக்காய், எலும்பு, பகைவரின் தலைமயிர், காலடி மண், ஊசி குத்திய பாவை ஆகியவற்றுள் சிலவற்றை மந்திரித்து, பகைவரின் வாசற்படியிலோ வேலியோரத்திலோ கிணற்றடியிலோ புதைத்துவிடுவதே ‘வைப்பு’ எனப்படும். அதனைக் கண்டறிந்து தோண்டி எடுப்பது, கழிப்புக் கழிப்பது, வளவுக்குக் காவல் பண்ணுவது, நூல் கட்டுவது என்பன அதற்கான பரிகாரங்கள். இங்கு ஊன்றி நோக்க வேண்டிய ஓர் உண்மை உண்டு. ஊர்களில் வழங்கும் சூனியக் கதைகளை எவ்வளவு திரட்டிப் பார்த்தாலும், வைப்பை வைக்கும்போது கண்டவர் எவரும் அவற்றில் தென்படுவதில்லை; எடுக்கும்போது கண்டவர்களோ பலர். ஒரு குற்றத்துக்குச் சாட்சியாக அதன் தடயம் மாத்திரமே உள்ளது. அத்தடயத்தைக் கண்டெடுத்தவரோ அதற்காகக் கூலி பெற்றவர். நூறாண்டுகளாகக் குடியிருந்து வரும் ஒரு வளவை எங்கே கிண்டினாலும் துருப்பிடித்த தகரமும் எலும்புத் துண்டும் அகப்படும். அகப்படாவிடின், விரல் வித்தையில் தேர்ந்தவருக்கு மடியிலிருந்த தகட்டை மண்ணுக்குள் சேர்ப்பது அரிய காரியமன்று. எந்த நீதிமன்றமும் ஏற்காத இச்சான்றை அயலவர் மன்றம் ஒரு நொடியில் ஏற்றுக்கொள்கிறது.

சூனியத்தின் ஆற்றல் நேரடியாகச் சோதிக்கப்படாத ஒன்றன்று. கேரளத்தின் திருவல்லாவில் 1898இல் பிறந்து, 1928இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலும் பின்னர் தென்னிலங்கைக் கல்லூரிகளிலும் தாவரவியல் கற்பித்த ஏப்ரகாம் ரி. கோவூர், இயற்கைக்கு மேம்பட்ட ஆற்றலை ஏமாற்றுக்கு இடமில்லாத நிலையில் நிரூபித்துக் காட்டுவோருக்கு ஓர் இலட்சம் ரூபா தருவதாக 1963இல் அறிவித்தார். இலங்கையிலும் இந்தியாவிலும் மந்திரவாதிகளுக்குப் பஞ்சமிருக்கவில்லை. அன்றைய ஓர் இலட்சம் ரூபா சிறு தொகையுமன்று. அவ்வாறிருந்தும் 1978இல் அவர் இறக்கும்வரை அப்பரிசை எவரும் பெறவில்லை. பேய் உலாவுவதாகச் சொல்லப்பட்ட வீடுகளில் துயின்று, நல்லநேரம் கெட்டநேரம் பாராமல் வாழ்ந்து, எண்பது வயதில் நோயினால் இறந்த அம்மனிதரின் வாழ்க்கையே ஒரு நீண்ட பரிசோதனையாக அமைந்தது.

மற்றொரு சோதனை 2008 மார்ச் 3ஆந் திகதி இந்தியத் தொலைக்காட்சி ஒன்றில் நேரடியாக நடைபெற்றது. மந்திரத்தினால் ஒருவரைச் சில நிமிடங்களில் கொல்ல முடியும் என்று கூறிய சுரீந்தர் சர்மா என்ற தாந்திரீகரை நோக்கி, ‘அப்படியாயின் என்னைக் கொன்று காட்டுக’ என்றார் இந்தியப் பகுத்தறிவாளரான சனல் எடமருகு. மந்திரங்கள் ஓதப்பட்டன, நீர் தெளிக்கப்பட்டது, கத்தி வீசப்பட்டது. நிமிடங்கள் மணித்தியாலங்களாயின. இரவு வேளையிலேயே மந்திரம் பலிக்கும் என்று கூறப்பட்டமையால் இரவிலும் தீ வளர்த்துச் சடங்கு தொடர்ந்தது. பல இலட்சம் பேர் பார்த்திருக்க, எடமருகு சிரித்தபடி அமர்ந்திருந்தார். அவர் வழிபடும் ஏதோ ஒரு வலிய தெய்வம் அவரைக் காக்கிறது என்று தாந்திரீகர் கூறியபோது, தாம் கடவுள் நம்பிக்கையற்றவர் என்று எடமருகு விடையளித்தார்.

இங்கு தாந்திரீகர் கூறிய சமாதானமே சூனிய நம்பிக்கையின் முழு உயிர்நிலையுமாகும். பகைவன் நோயுற்றால் சூனியம் பலித்தது. நோயுறாவிடின் அவனுக்குத் தெய்வக் காவல் பலமாக உள்ளது. கழிப்புக்குப் பின்னர் நோய் தணிந்தால் கழிப்பு வென்றது. தணியாவிடின் எதிரி மேலும் வலிய மந்திரவாதியை நாடியுள்ளான். எந்த நிகழ்ச்சியினாலும் பொய்யாக்கப்பட முடியாத இக்கூற்று, எந்த நிகழ்ச்சியினாலும் மெய்யாக்கப்படவும் முடியாதது. கிருமியும் கண்ணுக்குத் தெரியாததுதானே, அதனை நம்புவோர் மந்திரத்தை ஏன் நம்பலாகாது என்று வினவுவோர் உளர். கிருமியைக் காணச் சைவனும் கிறிஸ்தவனும் இஸ்லாமியனும் நாத்திகனும் ஒரே நுணுக்குக்காட்டியினூடாகவே பார்க்கின்றனர், காண்பதும் ஒன்றே. சூனியத்தைக் காண்பதற்கோ அதனை முன்னரே நம்பிய கண் வேண்டும்.

எனவே முதல் விடையை அதிகம் பொருட்படுத்த வேண்டியதில்லை. கற்றோரின் புகலிடமாகிய மூன்றாவது விடையே ஆழ்ந்த ஆய்வுக்குரியது. அதற்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. அமெரிக்க உடற்றொழிலியலாளர் வோல்ட்டர் கனன் 1942இல் ‘வூடூ மரணம்’ பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். தமக்கு மந்திரம் செய்யப்பட்டுவிட்டது என்று அறிந்த பழங்குடி மக்கள் சில நாட்களில் இறந்துபட்டமை பற்றிய செய்திகளைத் திரட்டி, பேரச்சம் நரம்புத் தொகுதியையும் இரத்த ஓட்டத்தையும் சிதைத்து மரணத்தை விளைவிக்கக்கூடும் என அவர் வாதிட்டார். பேரச்சமும் பெருந்துயரும் இதயத் தசையைத் திடீரெனத் தளரச் செய்யும் ஒரு நிலையை 1990இல் யப்பானிய வைத்தியர்கள் விவரித்து, அதற்குத் தக்கொட்சுபோ எனப் பெயரிட்டனர். மருந்தற்ற மாத்திரையை உண்டவர்களும், பக்க விளைவுகள் வரும் என்று கூறப்பட்டவிடத்து, அவ்விளைவுகளை அனுபவிப்பது மருந்துப் பரிசோதனைகளிற் பலமுறை கண்ட உண்மை. 1961இல் இதற்கு நொசிபோ என்ற பெயர் வழங்கப்பட்டது.

இவை யாவும் எதனை நிரூபிக்கின்றன? அச்சம் தீங்கு செய்யும் என்பதனை நிரூபிக்கின்றன. சூனியம் தீங்கு செய்யும் என்பதனை அல்ல. இவ்வேறுபாடு சொல்விளையாட்டன்று. அச்சம் தாக்க வேண்டுமாயின், தனக்குச் சூனியம் செய்யப்பட்டுள்ளது என்பதைத் தாக்கப்படுபவர் அறிந்திருத்தல் வேண்டும். ஆனால் வைப்பு இரகசியமாக வைக்கப்படுவது. இருளில் வேலியோரம் புதைக்கப்பட்டு எவராலும் அறியப்படாத ஒரு தகடு, கனன் கூறிய எந்த வழியிலும் எவருடைய இதயத்தையும் எட்ட முடியாது. அது எட்டுவது ஒரே ஒரு வேளையில்தான்: ‘உனக்குச் செய்வினை செய்திருக்கிறார்கள்’ என்று ஒருவர் வாய்திறந்து கூறும் வேளையில். அதைக் கூறுபவர் பகைவரல்லர். பகைவர் ஏவிய மந்திரவாதியுமல்லர். வெற்றிலையில் மை பார்த்தும் குறி சொல்லியும் கூலி பெறும் சாத்திரியாரே அதைக் கூறுகின்றார். சூனியம் மனத்தின் வழியாகத் தாக்குகிறது என்பது உண்மையாயின், அதனை வைப்பவர் அதனைக் ‘கண்டுபிடிப்பவரே’. இடைவழி நிற்கும் கற்றோர் தமது வாதத்தின் இறுதிப்படி வரை செல்வார்களாயின், சாத்திரியாரை வைத்தியராக அன்றி நோயின் காரணியாகவே காண்பர்.

கனன் திரட்டிய செய்திகள் பற்றியும் பின்வந்தோர் ஐயங்கள் எழுப்பினர். அவுஸ்திரேலியாவின் ஆர்ன்ஹம் நிலப்பகுதியில் பணியாற்றிய உளமருத்துவர் ஹரி ஈஸ்ற்வெல் 1982இல் எழுதிய ஆய்வில், மந்திரத்தால் இறப்பவர் எனக் கருதப்பட்டோருக்கு உறவினர் நீர் கொடாது விட்டமையைச் சுட்டிக்காட்டினார். இறந்தவராகவே ஒருவரைக் கருதி, ஒப்பாரி வைத்து, நீர்க்கலத்தை அகற்றிவிட்ட பின்னர் அவர் நாவறண்டு இறப்பதற்கு மந்திரம் எதற்கு? கொன்றது பகைவனின் வசைமொழியன்று, அவ்வசைமொழியை நம்பிய சுற்றத்தாரின் செயலே என்பது இதனாற் பெறப்படும்.

நோய்க்குப் பிழையான காரணம் கற்பித்துப் பிழையான பரிகாரம் தேடும் இவ்வழக்கத்தைத் தமிழ் இலக்கியம் மிகப் பழங்காலத்திலேயே இனங்கண்டுள்ளது. சங்க அகப்பாடல்களில் வரும் வெறியாட்டு இதற்குச் சான்று. தலைவனைப் பிரிந்த ஏக்கத்தால் மகள் மெலிகிறாள். காரணம் அறியாத தாய் வேலனை அழைக்கிறாள். அவன் கழங்கு பார்த்து, இது முருகணங்கு என்கிறான்; களம் இழைத்து, மறியறுத்து ஆடுகிறான். உண்மைக் காரணத்தை அறிந்தவள் தோழி ஒருத்தியே. குறுந்தொகையின் 362ஆம் பாடலில் அவள் வேலனையே மடக்குகின்றாள்: நீ இடும் பலியை, இவளுக்கு நோய் தந்த மலைநாடனின் மாலையணிந்த மார்பும் உண்ணுமோ என்று கேட்கிறாள். நற்றிணையின் 34ஆம் பாடலிலோ அவளது ஏளனம் முருகனையே எட்டுகின்றது; தன்னால் வராத நோய்க்காக வெறிக்களத்துக்கு வந்து நிற்கும் கடவுள் அறியாமையுடையவன் என்கிறாள். அகநானூற்றின் 22ஆம் பாடலில் வெறியாட்டு நிகழ்ந்த இரவிலே தலைவன் மறைந்து வந்து சேர்கிறான், நோய் தீர்கிறது, தொடர்பில்லாத வேலனை எண்ணித் தலைவி நகைக்கிறாள். நோய் தானாகவோ வேறு காரணத்தாலோ தணிய, பெருமை பூசாரிக்குப் போய்ச் சேர்வதை இதனிலும் நுட்பமாகக் கூறிய உளவியல் நூல் அரிது.

எனினும் வெறியாட்டுக்கும் இன்றைய சூனியத்துக்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. வேலன் பழியைக் கடவுள்மீது போட்டான். ஓர் ஆட்டுமறி மடிந்தது. வேறு எவரும் மடியவில்லை. சூனியம் கண்டுபிடிக்கும் சாத்திரியார் பழியை மனிதர்மீது போடுகின்றார். அவர் பெரும்பாலும் பெயர் சொல்வதில்லை. ‘வடக்குப் பக்கத்தில் இருக்கும் கறுத்த மெலிந்த பெண்’ என்றோ, ‘உங்களோடு இரத்த உறவுள்ளவர்’ என்றோ அடையாளம் மட்டும் கூறி விடுகிறார். மீதியை நோயாளியின் வீட்டார் நிரப்பிக்கொள்கின்றனர். காணிப் பிணக்கில் உள்ள மச்சாள், சீதனம் குறைந்ததென மனம்கோணிய மாமியார், பிள்ளையற்ற அயலவள், தனித்து வாழும் கைம்பெண் ஆகியோருள் ஒருவர்மீது அவ்வடையாளம் சென்று பொருந்திவிடுகின்றது. அன்றிலிருந்து அவர் கொடுத்த பலகாரம் எறியப்படுகிறது; அவர் தூக்கிய குழந்தைக்கு நாவூறு கழிக்கப்படுகிறது; தலைமுறைகள் தாண்டியும் அவ்விரு குடும்பங்கள் ஒன்றுக்கொன்று செத்தவீட்டுக்கும் போவதில்லை. தம்மீது சாட்டப்பட்ட குற்றம் எதுவென்றே அறியாதவர் அதனை எங்ஙனம் மறுப்பார்?

இவ்வாறு பழி ஏற்போர் யார் என்பதை நோக்கினால் சூனியத்தின் சமூக வேர் தெளிவாகும். மந்திர ஆற்றல் எப்போதும் எல்லைக்கு அப்பால் உள்ளவருக்கே கற்பிக்கப்படுகிறது. யாழ்ப்பாணத்தார் மட்டக்களப்பு மாந்திரீகத்துக்கும் மலையாள மாந்திரீகத்துக்கும் அஞ்சினர். சிங்கள மக்கள் பகை முடிக்கச் சிலாபத்துக்கு அண்மையிலுள்ள முன்னேஸ்வரத்துக் காளி கோயிலை நாடினர். உயர்சாதியார் எனப்பட்டோர் தாம் ஒடுக்கியவர்களின் மந்திரத்துக்கு அஞ்சினர். ஒடுக்குவோரின் உள்ளத்தில் குடிகொண்ட அச்சமே ஒடுக்கப்பட்டோருக்கு இல்லாத ஆற்றலை வழங்கியது என்று கூறின் தவறாகாது.

மட்டக்களப்புக்குச் சென்றவனைப் பாயோடு ஒட்டவைத்து விடுவார்கள் என்ற பழைய யாழ்ப்பாணப் பேச்சு இதற்கு நல்ல உதாரணம். உத்தியோகத்துக்கும் வியாபாரத்துக்கும் கிழக்கே சென்ற இளைஞர் பலர் அங்கேயே மணம் முடித்துத் தங்கிவிட்டனர். அங்கு வயலும் வாவியும் வளம் தந்தன. தாய்வழிக் குடிமரபின்படி வீடு மகளுக்கே உரியதாயிருந்தமையால் மணமகன் மனைவியின் வீட்டிலேயே வாழ்வது இயல்பாயிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவரை ஒருவர் விரும்பினர். இத்தனை காரணங்களும் கண்ணெதிரே இருக்க, மகனின் மணியோடர் நின்றுபோன யாழ்ப்பாணத்துப் பெற்றோர் மந்திரத்தையும் வசிய மருந்தையுமே கண்டனர். சங்ககாலத்துத் தாய் செய்த பிழையே இது. வேறுபாடு என்னவெனில், அவள் முருகனை நொந்தாள். இவர்கள் ஒரு பிரதேசத்துப் பெண்கள் அனைவர்மீதும் பழி சுமத்தினர். இன்றும் சாதிமாறிக் காதலித்த மகனுக்கு ‘மருந்து போட்டு மயக்கிவிட்டாள்’ என்ற பேச்சு எழுகின்றது. மெய்யாகவே உணவில் நஞ்சு கலக்கப்பட்டிருப்பின் அது இரசாயனப் பகுப்பாய்வுக்கும் பொலிசாருக்கும் உரிய விடயம். மகனின் விருப்பத்தை ஏற்க மனமில்லாமையே நோயாயின், அந்நோய் மகனிடத்தில் இல்லை.

நோயின் உண்மைக் காரணம் அறியப்பட்டபோது மந்திரத்தின் ஆட்சி எவ்வாறு சுருங்கியது என்பதற்கும் ஈழத்திலேயே சான்று உண்டு. மகப்பேற்று வேளையில் தாயையும் சேயையும் கொல்வதாக அஞ்சப்பட்ட கொத்திப் பேய் யாழ்ப்பாணத்து நம்பிக்கையில் முதன்மையான இடம் பெற்றிருந்தது. அவ்வச்சம் காரணமின்றி எழுந்ததன்று. 1930களில் இலங்கையில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு 2000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். இன்று அத்தொகை 50இலும் குறைவு. கொத்தியை விரட்டியவர் மந்திரவாதியல்லர். பயிற்றப்பட்ட மருத்துவமாது, வைத்தியசாலைப் பிரசவம், இரத்தம் ஏற்றல், நுண்ணுயிர்க்கொல்லி மருந்து, மலேரியா ஒழிப்பு என்பனவே அதனை விரட்டின. காய்ச்சலிலும் குளிரிலும் நடுங்கியவனைப் பேய் பிடித்ததாகக் கூறிய காலம் போய், 2016இல் மலேரியாவற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கியது. நுளம்பை ஒழித்தவிடத்து அக்காய்ச்சலுக்குக் கழிப்புக் கழிக்க வேண்டியிருக்கவில்லை.

இன்று சூனியத்தின் எஞ்சிய கோட்டையாக உள்ளவை மனமும் நரம்பும் சார்ந்த நோய்களே. வலிப்பு, மனச்சோர்வு, மகப்பேற்றின் பின் சில தாய்மாருக்கு ஏற்படும் சித்தக் குழப்பம், காதிற் குரல் கேட்கும் மனப்பிளவு நோய் ஆகியன கண்ணுக்குப் புலப்படும் காயம் இல்லாதவை. இவற்றுட் பல இடையிடையே தாமாகத் தணிந்து மீண்டும் எழும் இயல்பின. தணியும் வேளையில் நடந்த கழிப்பு புகழ் பெறுகின்றது. இவையாவும் தகுந்த சிகிச்சையால் குணமாகவோ கட்டுப்படவோ கூடியவை. காலந் தாழ்த்தின் சிகிச்சை கடினமாவதும் அறிந்ததே. ஆதலால் ஒரு கழிப்பிலிருந்து மற்றொரு கழிப்புக்கு அலைந்து இழந்த மாதங்களே நோயாளிக்குச் சூனியம் செய்த தீங்கு. நகையை அடைவு வைத்தும் வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்த்தும் கழிப்புக்குச் செலவிட்ட குடும்பம், வைத்தியசாலைக்குப் பேருந்துக் கட்டணமும் இன்றி வந்து சேர்வது அரிதன்று. இத்தொழிலும் காலத்தோடு வளர்ந்துள்ளது. முன்னர் ஒழுங்கைக் கோடியில் இருந்த மாந்திரீகர் இன்று விளம்பரம் செய்கிறார். கடல் கடந்த தமிழருக்குத் தொலைபேசியிலேயே பரிகாரம் செய்து பவுணிலும் யூரோவிலும் கட்டணம் பெறுகிறார்.

இவ்விடத்தில் நியாயமான ஒரு மறுப்பு எழக்கூடும். போரினால் சிதைந்த சமூகத்தில் சடங்குகள் ஆறுதல் அளிக்கவில்லையா என்பதே அது. 1990களில் மட்டக்களப்பின் அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்வோரிடம், காணாமற்போன பிள்ளைகளின் தாய்மார் திரண்டமையை மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் பதிவு செய்துள்ளார். வாய்திறந்து அழவும் இயலாத காலத்தில், ஓரிடத்திலேனும் பெயர் சொல்லி அழ அவர்களால் முடிந்தது. வடபகுதியில் போரின் துயர் தலைவலியாகவும் நெஞ்சடைப்பாகவும் உடற்காந்தலாகவும் வெளிப்படுவதை உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் விரிவாக ஆராய்ந்துள்ளார். இத்தகைய துயருற்றோர் கோயிற் படியில் தேடும் ஆறுதலை ஏளனம் செய்வது பகுத்தறிவுமன்று, மனிதத்தன்மையுமன்று. ஆனால் ஆறுதல் கூறுவது வேறு, குற்றவாளியைக் காட்டிக்கொடுப்பது வேறு. துயரைக் கேட்கும் சடங்கு மனிதரைச் சேர்த்து வைக்கிறது. ‘உனக்கு இதைச் செய்தவள் இவள்’ எனும் சடங்கு அவர்களைப் பிரிக்கிறது. அன்றியும், போரும் வறுமையும் விளைத்த துயருக்கு அயல்வீட்டுக்காரியைக் காரணமாக்கும்போது உண்மையில் அத்துயருக்குப் பொறுப்பானவர்கள் கேள்வியின்றித் தப்பி விடுகின்றனர்.

மற்றொரு வாதம் சமூகவியல் வாயிலாக வருகின்றது. பேராசிரியர் கணநாத் ஒபயசேகர 1975இல் வெளியிட்ட ஆய்வொன்றில், இலங்கையில் சூனியக் கோயில்களை நாடி வருவோரின் உள்ளத்தில் உள்ளது திட்டமிட்ட வன்முறைக்கான வேட்கையே எனவும், அது சடங்கின் வழியே திருப்பிவிடப்படுகின்றது எனவும் காட்டினார். களவு கொடுத்தோர், காணி இழந்தோர், ஏமாற்றப்பட்டோர் முதலியோர் கத்தியை எடுப்பதற்குப் பதிலாகக் காளியிடம் முறையிடுகின்றனர். அவ்வாறாயின் சூனியம் ஒரு பாதுகாப்பு வாயில் அன்றோ என்பர் சிலர். ஒபயசேகரவின் ஆய்வு மிக உயர்ந்தது. அதிலிருந்து பெறப்படும் இம்முடிவு குறையுடையது. சாபமிடுவோரின் சினம் தணியலாம். ஆனால் அவர் இழந்த காணி மீளவில்லை, ஏமாற்றியவன் தண்டிக்கப்படவில்லை. மறுபுறத்தில், அச்சடங்குகள் நடைபெறுகின்றன என்ற அறிவே ஊர் முழுவதிலும், தமக்கும் எவரோ செய்துவிட்டனர் என்ற ஐயத்தை வளர்க்கின்றது. நீதிமன்றம் எட்டாத தொலைவில் இருப்பதனால் காளி கோயில் நிறைகின்றது என்றால், அது நீதிமன்றத்தைச் சீர்திருத்துவதற்கான காரணமேயன்றிச் சூனியத்தைப் பாராட்டுவதற்கான காரணமன்று.

அந்த ஐயம் எங்கு கொண்டுபோய் விடும் என்பதை உலக வரலாறு காட்டுகிறது. 15ஆம் நூற்றாண்டு முதல் 18ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் சூனியக்காரர் என்று 40,000 முதல் 60,000 வரையானோர் கொல்லப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் பெண்கள். 1692இல் அமெரிக்காவின் சேலத்தில் சிறுமியர் சிலரின் வலிப்பும் அலறலும் காரணமாக 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். பப்புவா நியூகினியில் 1971ஆம் ஆண்டுச் சட்டம் சூனியத்தை ஒரு குற்றமாக ஏற்றுக்கொண்டிருந்தது. 2013 பெப்ரவரியில் மவுண்ட் ஹேகன் நகரில் சூனியக்காரி எனக் குற்றஞ்சாட்டப்பட்ட ஓர் இளந்தாய் மக்கள் பார்த்திருக்க உயிரோடு எரிக்கப்பட்ட பின்னரே அவ்வாண்டில் அச்சட்டம் நீக்கப்பட்டது. இந்தியாவில் 2000 முதல் 2016 வரையான காலத்தில் சூனியப் பழியினால் 2500க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டதாகத் தேசியக் குற்றப் பதிவேடுகள் கூறுகின்றன. மராட்டியத்தில் இதற்கெதிராகச் சட்டம் வேண்டிப் பல்லாண்டு உழைத்த வைத்தியர் நரேந்திர தாபோல்கர் 2013 ஒகஸ்ட் 20ஆந் திகதி புனே நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அச்சட்டம் அவ்வாண்டு இறுதியில் நிறைவேறியது. மந்திரத்தால் எவரும் அவரைக் கொல்ல முயன்றதாகத் தெரியவில்லை. அவரைக் கொல்ல வேண்டியிருந்தவர்களுக்கும் துப்பாக்கியே தேவைப்பட்டது.

இவை பிற நாட்டுச் செய்திகள் எனத் தள்ளிவிடவும் இயலாது. 2021 பெப்ரவரி இறுதியில் கம்பஹா மாவட்டத்தின் தெல்கொடவில், பேய் பிடித்ததாகக் கருதப்பட்ட 9 வயதுச் சிறுமி ஒருத்தி, பேயோட்டும் சடங்கில் பிரம்பால் அடிக்கப்பட்டு உயிரிழந்தாள். சடங்கு நடத்திய பெண்ணும் சிறுமியின் தாயும் கைது செய்யப்பட்டனர். அத்தாய் மகளைக் கொல்ல அழைத்துச் செல்லவில்லை. குணமாக்கவே அழைத்துச் சென்றாள். சூனியத்தினாலும் பேயினாலும் தீங்கு நேருமா என்ற வினாவுக்கு அச்சிறுமியின் மரணமே விடை. பேய் அவளைத் தொடவில்லை. பேய் உண்டு என்ற உறுதிப்பாடு அவளைக் கொன்றது.

சூனிய நம்பிக்கையைச் சாடுவது மண்ணின் மரபைச் சாடுவதாகும், மேலைத்தேய அறிவின் மேலாதிக்கமாகும் என்று அண்மைக்காலத்தில் ஒரு குரல் பல்கலைக்கழகங்களிலும் கேட்கின்றது. மரபு என்பது மந்திரவாதிக்கு மட்டும் உரிய சீதனச் சொத்தன்று. வேலனும் தமிழ் மரபினனே. அவனை நகைத்த தோழியும் தமிழ் மரபினளே. சடங்குகளைச் சாடிய சிவவாக்கியரும் இம்மரபினரே. ஐரோப்பாவும் பல நூற்றாண்டுகளாகச் சூனியத்தை நம்பிப் பெண்களை எரித்த கண்டமே. ஆதலால் இது கிழக்குக்கும் மேற்குக்கும் இடையிலான போரன்று. எல்லா நாடுகளிலும் கேள்வி கேட்போருக்கும் கேள்வியை விரும்பாதோருக்கும் இடையே நடந்துவரும் வழக்கேயாகும். எளிய மக்களின் நம்பிக்கையைப் பண்பாடு எனப் போற்றும் கட்டுரையாளர், தம் பிள்ளைக்கு வலிப்பு வரும்போது நரம்பியல் நிபுணரிடமே செல்கிறார் என்பதையும் மறத்தல் ஆகாது.

இரண்டாவது விடையின் போதாமையும் இங்கு கூறப்பட வேண்டும். சூனியம் மூடத்தனம் என்று நகைத்துவிட்டு அகலும் பகுத்தறிவாளர், துன்புற்றவரின் வினாவுக்கு விடையளிப்பதில்லை. மானிடவியலாளர் ஈவன்ஸ் பிரிச்சாட் 1937இல் வெளியிட்ட அசாண்டே மக்கள் பற்றிய நூலில் இவ்வினா தெளிவாக்கப்பட்டது. களஞ்சியம் கறையான் அரித்தமையால் விழுந்தது என்பது அம்மக்களுக்கும் தெரியும். அதன் நிழலில் இவர் அமர்ந்திருந்த அந்த வேளையிலேயே அது ஏன் விழுந்தது என்பதே அவர்களின் கேள்வி. ‘ஏன் எனக்கு, ஏன் இப்போது?’ எனும் இக்கேள்விக்குச் சூனியம் ஒரு விடை தருகிறது. தற்செயல் என்ற உண்மையான விடை குளிர்ந்தது, தாங்கிக்கொள்ளக் கடினமானது. அவ்விடையைத் தனித்து நின்று தாங்கும்படி ஒருவரை விட்டுவிடலாகாது. சாத்திரியார் ஒரு மணித்தியாலம் கதை கேட்கிறார். சன நெருக்கம் மிக்க வெளிநோயாளர் பிரிவில் வைத்தியருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். இவ்விடைவெளி நிரப்பப்படாத வரையில் எத்தனை சொற்பொழிவுகளாலும் பயனில்லை.

எனவே பல்கலைக்கழகச் சமூகத்தின் கடமை இரண்டாகும். மருத்துவ பீடத்தாரும் உளவியல், சமூகவியல் பயில்வோரும் தமது அறிவை மக்களின் மொழியில், மக்களின் முற்றத்துக்குக் கொண்டு செல்லுதல் ஒன்று. மற்றது இதனிலும் எளிது, ஆயினும் கூடிய துணிவை வேண்டுவது. தம் வீட்டிலோ மாணவர் விடுதியிலோ ‘இது செய்வினை’ என்ற பேச்சு எழும் கணத்தில், ‘அப்படிச் சொன்னவர் யார்? அதற்கு எவ்வளவு பெற்றார்? எவர்மீது பழி சுமத்தினார்?’ என்ற மூன்று கேள்விகளையும் உரத்துக் கேட்பதே அது. படித்தவரின் மௌனத்தைச் சம்மதம் என்றே ஊர் எடுத்துக்கொள்ளும். அம்மௌனத்தின் விலையைச் செலுத்துபவர் அவரல்லர். அடுத்த வளவில், தன்மீது என்ன பழி விழுந்தது என்றே அறியாமல் வாழும் கைம்பெண்ணும், சிகிச்சையின்றி அறைக்குள் பூட்டப்பட்டிருக்கும் நோயாளியுமே.